பழைய பொருளை இணையத்தில் வாங்கும்போதும் விற்கும்போதும் ஏமாறாமல் இருக்க

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் பெரியம்மா வீடு மாறும்போது, இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றை 2,500 ரூபாய்க்கு விற்க நினைத்து இணையத்தில் விளம்பரம் போட்டார். விளம்பரம் வெளியான பத்து நிமிடங்களுக்குள் ஒருவர் அழைத்து, கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்வதாகவும், தான் வெளியூரில் இருப்பதால் பணத்தை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கல் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் எப்போது மாற்றியது, ஓடும்போது சத்தம் வருகிறதா என்று அவர் எதையும் கேட்கவில்லை. நம்பிக்கைக்காக ஒரு ரூபாய் அனுப்பினார். அது உண்மையாகவே பெரியம்மாவின் கணக்கில் வந்து சேர்ந்தது. அடுத்ததாக வாட்சப்பில் ஒரு கியூஆர் கோடு வந்தது. அதன் மேலே 'ரூ.2,500 பெறுவதற்கு' என்று எழுதியிருந்தது. பெரியம்மா அதை ஸ்கேன் செய்தார், திரை ரகசிய பின் (PIN) எண்ணைக் கேட்டது, அவரும் கொடுத்தார், கணக்கிலிருந்து 2,500 ரூபாய் போய்விட்டது. பதறிப்போய்த் திரும்ப அழைத்தவரிடம் அந்த ஆள் மன்னிப்புக் கேட்டு, "கோடு மாறிவிட்டது அம்மா, 5,000-க்கு ஒன்று அனுப்புகிறேன், இரண்டும் சேர்ந்து வந்துவிடும்" என்றார். அதுவும் போயிற்று.

முப்பது ஆண்டுகள் வீட்டுக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி வந்தவர் அவர். ஏமாறுகிறவர்கள் விவரமில்லாதவர்கள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இடங்களில் முதல்முறையாக வாங்கவோ விற்கவோ வருகிறவர்களுக்காக, தொடக்கம் முதல் முடிவு வரை எந்த இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். பொருள், ஆள், பணம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருக்கும்போதுதான் வியாபாரம் முடிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் வைப்பதுதான் நான் பார்த்த மோசடிகள் அனைத்திலும் நடக்கிறது.

விளம்பரம் போடும் முன்

விற்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அதே பொருள் தன் ஊரில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்ப்பது. பத்துப் பதினைந்து விளம்பரங்களைப் பார்த்தாலே ஒரு மதிப்புப் பிடிபட்டுவிடும். படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, கீறல், உடைசல் இருந்தால் அவற்றையும் காட்டுவது நல்லது. குறையைச் சொல்லிவிட்டால் பிறகு பேரம் பேசுவதற்காகக் கிளம்பும் தகராறு பாதியாகக் குறையும். பில், ஆர்சி எனப்படும் வண்டிப் பதிவுச் சான்று, வாரண்டி அட்டை ஆகியவற்றின் படத்தை விளம்பரத்தில் போடவே கூடாது, ஏனெனில் அவற்றில் உள்ள பெயர், முகவரி, வரிசை எண் ஆகியவற்றை எடுத்துத்தான் வேறொருவர் உங்கள் பொருளைத் தன்னுடையதுபோல் காட்டி விற்கத் தொடங்குவார். கைபேசியாக இருந்தால், அதன் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை நேரில் பார்க்கும்போது காட்டினால் போதும்.

வீட்டு முகவரியை முழுதாகக் கொடுக்காமல் பகுதியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை முடிந்தவரை அந்தத் தளத்தின் உரையாடல் பெட்டியிலேயே நடக்கட்டும். "வாட்சப்புக்கு வாருங்கள்" என்பது எப்போதும் சூழ்ச்சி என்று சொல்ல முடியாது, நம் ஊரில் எல்லோரும் அதில்தான் பேசுகிறோம். ஆனால், நீங்கள் உண்மையான ஆள்தானா என்று உறுதிசெய்ய உங்கள் எண்ணுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டால், உங்கள் வாட்சப் கணக்கையோ வேறொரு கணக்கையோ தன் கைக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார் என்று பொருள். அத்துடன் பேச்சை முடித்துவிடலாம்.

அழைப்பு வரும்போது

நிஜமாக வாங்க வருகிறவர் கேள்வி கேட்பார், குறை சொல்வார், விலையைக் குறைப்பார். பெரியம்மாவின் கிரைண்டரைக் கடைசியில் வாங்கிக்கொண்டுபோனது பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். அவர் வந்ததும் டிரம்முக்குள் கையை விட்டு அடிக்கல்லைத் தடவிப் பார்த்தார், உருளைக்கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார், கொண்டுவந்திருந்த ஊறவைத்த அரிசியில் ஒரு கை போட்டு ஓடவிட்டார், பிறகு கல் கொத்த வேண்டியிருக்கும் என்று சொல்லி 400 ரூபாய் குறைத்துக் கொடுத்தார். அந்த ஐந்து நிமிடங்களைப் பார்த்தவர்களுக்கு, முதலில் அழைத்தவர் வாங்க அழைக்கவில்லை என்பது தானாகவே விளங்கியிருக்கும். பொருளைப் பற்றிக் கேட்காமல் பணம் அனுப்பும் முறையைப் பற்றி மட்டுமே பேசுகிறவரிடம் விலகி நில்லுங்கள். விலை பேசாமல் ஒப்புக்கொள்வதும், 'இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்' என்று அவசரப்படுத்துவதும் அதே வகையில் சேர்பவை.

இராணுவத்திலோ மத்திய பாதுகாப்புப் படையிலோ பணிபுரிவதாகச் சொல்லி, சீருடையில் இருக்கும் படத்தையும் அடையாள அட்டையையும் கேண்டீன் அட்டையையும் கேட்காமலேயே அனுப்பும் உத்தி பல ஆண்டுகளாக நடக்கிறது. அவை வேறு யாரோ ஒரு வீரரிடமிருந்து திருடப்பட்ட படங்களாக இருக்கலாம். அட்டை உண்மையாக இருப்பதால் அதை அனுப்பியவரும் உண்மையாகிவிட மாட்டார். ஆதார் அட்டையின் படமும் அப்படித்தான். பதிலுக்கு உங்கள் ஆதாரை அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம். அதை வைத்து அடுத்தவரிடம் உங்கள் பெயரில் பேசுவார்கள்.

பணம் வாங்கும்போது

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யுபிஐ வழியாகப் பணம் உங்களுக்கு வருவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, பின் எண்ணைப் போட வேண்டியதில்லை. நான்கு அல்லது ஆறு இலக்கமுள்ள அந்த பின் எண், உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும் பயன்படுகிறதே தவிர, பெறுவதற்குப் பயன்படுவதில்லை. கியூஆர் கோடு என்பது பணம் பெறுகிறவர் காட்டி, கொடுக்கிறவர் ஸ்கேன் செய்வது. விற்பவர் நீங்கள் என்றால் கோடு உங்களுடையதாக இருக்க வேண்டும். படத்தின் மேலே 'பெறுவதற்கு' என்று எழுதியிருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை; அதை யாரும் எழுதிக்கொள்ளலாம். ஸ்கேன் செய்த பிறகு உங்கள் செயலி காட்டும் திரையில், தொகைக்குக் கீழே 'செலுத்து' என்ற பொத்தான் இருப்பதை நின்று பார்த்தால் அந்த நொடியிலேயே தப்பித்துவிடலாம். பெரியம்மாவின் கைபேசியிலும் அது இருந்தது. காதில் அந்த ஆளின் பேச்சு ஓடிக்கொண்டிருந்ததால் கண் அதில் நிற்கவில்லை. அதனால்தான் பேசிக்கொண்டே பணச் செயலியைத் திறக்கக் கூடாது என்கிறேன்; அழைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு திறக்கலாம்.

தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு யுபிஐ செயலிக்குள்ளேயே கோரிக்கை அனுப்பும் வசதியை, அதைப் பயன்படுத்தி நடந்த மோசடிகளின் காரணமாக, இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. ஒரு வாசல் அடைபட்டது நல்லதுதான். ஆனால் கியூஆர் கோடு வழி அப்படியே இருக்கிறது.

அடுத்தது, பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் ஸ்க்ரீன்ஷாட். பச்சை நிற டிக் குறியும் உங்கள் பெயரும் தொகையும் கொண்ட போலித் திரையைச் சில நொடிகளில் உருவாக்கித் தரும் செயலிகள் இருக்கின்றன. நேரில் வந்து நிற்பவரே அதைக் காட்டிப் பொருளை எடுத்துச் சென்றுவிடுகிறார். 'சர்வர் மெதுவாக இருக்கிறது, அரை மணி நேரத்தில் ஏறிவிடும்' என்றால், ஏறும் வரை இருவரும் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், பொருள் அதுவரை உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம். வங்கியின் செய்தி, எழுத்துகளாலான அனுப்புநர் பெயரிலிருந்து வரும். பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து 'உங்கள் கணக்கில் 25,000 வரவு' என்று வந்தால் அது யாரோ தட்டச்சு செய்து அனுப்பியது. அதைத் தொடர்ந்து, '2,500-க்குப் பதிலாக 25,000 போட்டுவிட்டேன், மருத்துவமனையில் இருக்கிறேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்' என்ற அழுகைக் குரல் வரும். உங்கள் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். வந்திருக்காது. உண்மையாகவே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்பாமல், அவருடைய வங்கியில் சொல்லித் திரும்பப் பெறச் சொல்லிவிட்டு, உங்கள் வங்கிக்கும் தகவல் தெரிவியுங்கள். அனுப்ப உதவுகிறேன் என்று எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வுச் செயலியை நிறுவச் சொன்னாலோ, வாட்சப்பில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்றை அனுப்பித் திறக்கச் சொன்னாலோ, அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

ரொக்கம் இன்னும் எளிது. ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நன்றாகப் பார்த்து வாங்குங்கள். தொகை பெரிதென்றால் வங்கிக் கிளையிலேயே சந்தித்து அங்கேயே கணக்கில் செலுத்திவிடலாம். கார் விற்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஒரு பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

வாங்குகிறவரை ஏமாற்றும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்: நம்ப முடியாத விலை, பார்க்க முடியாத பொருள், கொஞ்சமாகக் கேட்கப்படும் முன்பணம். ஒரு லட்சம் பெறுமான புல்லட்டை 38,000-க்குப் போட்டிருப்பார். ஏன் என்று கேட்டால் இடமாற்றல் வந்துவிட்டது என்பார். வண்டி முகாமிலோ விமான நிலையத்திலோ நிற்கிறது, படைக்கான பார்சல் சேவையில் வீட்டுக்கே வந்துவிடும், பதிவுக் கட்டணமாக 2,150 மட்டும் அனுப்புங்கள் என்பார். அனுப்பியதும் வண்டி சாக்கில் சுற்றப்பட்ட படமும் ரசீது போன்ற ஒன்றும் வரும். பிறகு கேட் பாஸ், ஜிஎஸ்டி, காப்பீடு, தாமதக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார், ஒவ்வொரு முறையும் 'இது வண்டி வந்ததும் திரும்பக் கிடைக்கும் பணம்' என்ற சொல் தவறாமல் வரும். இரண்டாவது தொகையை மக்கள் அனுப்புவது வண்டிக்காக அல்ல, முதல் தொகை வீணாகிவிடக் கூடாது என்பதற்காக. மூன்றாவது, முதல் இரண்டுக்காக. இதைப் புரிந்துகொண்டால் எந்தக் கட்டத்திலும் நிறுத்திவிடலாம். ஏற்கெனவே கொடுத்தது போனாலும் இனிப் போகவிருப்பது மிஞ்சும்.

எனவே, பார்க்காத பொருளுக்கு டோக்கன் அட்வான்ஸ் என்ற பெயரில் ஐந்நூறு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், துணைக்கு ஒருவரோடு போங்கள். மின்சாதனம் என்றால் ஓடவிட்டுப் பார்க்கும்படியான இடமாக இருக்க வேண்டும். பேருந்து நிலையத்தில் வைத்து மூடிய பெட்டியில் மடிக்கணினி வாங்குவது, பணத்தைக் கொடுத்துச் செங்கல் வாங்குவதாக முடியலாம்.

கைபேசி வாங்கும்போது *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலியிலும் பார்க்கலாம். எண் கறுப்புப் பட்டியலில் இருப்பதாகவோ, போலி என்றோ, ஏற்கெனவே வேறொன்றில் பயன்பாட்டில் இருப்பதாகவோ பதில் வந்தால் வாங்கக் கூடாது. திருட்டுப் பொருள் எனத் தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், இழப்பு பணத்தோடு நிற்காது. அடுத்ததாக, விற்பவரே உங்கள் கண் முன்னால் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, கருவியை முழுதாக அழித்துக் காட்டட்டும். அழித்த பிறகு பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றால், அது அவருடைய கைபேசியாக இல்லாமல் போகலாம். அவருடையதுதான் என்றாலும், அவர் போன பிறகு உங்களுக்கு அது வெறும் கண்ணாடித் துண்டு.

வண்டி வாங்கும்போது

ஆர்சியின் நகலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் வண்டியின் வகை, பதிவுத் தேதி, காப்பீடு, கடன் அடைமானம் பற்றிய விவரங்கள் தெரியும். நிலுவையில் உள்ள அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணைத் தேடிப்பிடித்து, துணியால் துடைத்து, ஆர்சியோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் புதிய பெயின்ட் அடித்திருந்தாலோ எழுத்துகள் வரிசை பிசகியிருந்தாலோ விட்டுவிடலாம். கடனில் எடுத்த வண்டி என்றால், வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் அடைமானம் நீங்கியதைக் காட்டும் படிவம் 35-உம் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவை வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டுக் கவலை தீர்ந்தது என்று விற்பவர் இருந்துவிடக் கூடாது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பனையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. விற்ற நாள், நேரம், வாங்கியவரின் பெயர், கையொப்பம் ஆகியவற்றோடு ஒரு ரசீதை இரண்டு பிரதிகளாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒருவர் நிற்கும் மோசடி

இதைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் ஒரு காரை நான்கு லட்சத்துக்கு விளம்பரம் செய்கிறீர்கள். ஒருவர் அழைத்து, வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் படங்களைப் பெறுகிறார். அதே படங்களைப் போட்டு அவர் மூன்று லட்சத்துக்குத் தன் விளம்பரத்தை வெளியிடுகிறார். அதைப் பார்த்து உண்மையான ஒருவர் அவரை அழைக்கிறார். இப்போது அந்த நடு ஆள் உங்களிடம், 'என் மைத்துனர் வண்டியைப் பார்க்க வருவார், அவருக்கு நான் பணம் தர வேண்டியிருக்கிறது, அவரிடம் விலை பேச வேண்டாம்' என்கிறார். வருகிறவரிடமோ, 'வண்டியைக் காட்டுபவர் என் உறவினர், அவருக்கு விலை தெரியாது, பேச வேண்டாம்' என்கிறார். வந்தவர் வண்டியைப் பார்க்கிறார், எல்லாம் சரியாக இருக்கிறது, நடு ஆள் சொன்ன கணக்குக்குப் பணத்தை அனுப்புகிறார். பிறகு சாவியைக் கேட்கிறார். நீங்கள் பணம் வரவில்லை என்கிறீர்கள். இரண்டு நேர்மையானவர்கள் தெருவில் நின்று ஒருவரை ஒருவர் திருடன் என்று திட்டிக்கொள்ளும்போது, நடுவில் இருந்தவரின் எண் அணைந்திருக்கும்.

இதன் இன்னொரு வடிவத்தில் பணம் உங்கள் கணக்குக்கே வந்துவிடுகிறது, ஆனால் அது வேறொரு ஏமாந்தவரின் பணம். பொருளை, நடுவில் நிற்பவர் அனுப்பிய ஒருவர் எடுத்துப் போய்விடுவார். சில நாட்களில் பணம் அனுப்பியவர் புகார் கொடுக்க, அந்தத் தொகையோ சில சமயம் கணக்கு முழுவதுமோ முடக்கப்படும்; வேறு மாநிலத்துக் காவல் நிலையம் என்றால் அதை விடுவிக்க நீங்கள் அலைய நேரிடும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. எதிரில் நிற்பவரிடம், "நீங்கள் எவ்வளவுக்கு வாங்குகிறீர்கள்? யாரிடம் பணம் கொடுக்கிறீர்கள்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தால் கட்டாயம் பேசுங்கள். பணம் எதிரில் நிற்பவரின் கணக்கிலிருந்து, அவருடைய பெயரிலேயே வர வேண்டும். நண்பர் போடுவார், முதலாளி போடுவார் என்றால், அந்த நண்பரோ முதலாளியோ நேரில் வரட்டும்.

பணம் போய்விட்டால்

உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கிக்குப் போய் வரிசையில் நிற்பதோ, அந்த ஆளைத் திட்டிச் செய்தி அனுப்புவதோ பிறகு. போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து ஏடிஎம்முக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அது ஏதாவது ஒரு கணக்கில் இருக்கும்போதே தகவல் போனால்தான் வங்கி அதை நிறுத்தி வைக்க முடியும். அழைக்கும்போது உங்கள் வங்கி, தொகை, நேரம், செயலியில் காணப்படும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், பணம் போன யுபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம், உரையாடல், எண், கியூஆர் கோடு எல்லாவற்றையும் படமெடுத்துச் சேமித்த பிறகே அந்த ஆளைத் தடுப்புப் பட்டியலில் போடுங்கள்; கோபத்தில் உரையாடலை அழித்துவிட்டால் சான்றும் போய்விடும். திரைப் பகிர்வுச் செயலியையோ ஏபிகே கோப்பையோ நிறுவியிருந்தால், கைபேசியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு வேறொரு கைபேசியிலிருந்து 1930-ஐயும் வங்கியையும் அழைக்க வேண்டும்.

பெரியம்மா எங்களிடம் சொன்னது இரண்டு நாட்கள் கழித்து. பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கத்தில் சாப்பிடாமல்கூட இருந்திருக்கிறார். நாங்கள் 1930-ஐ அழைத்தபோது 7,500 ரூபாயில் 1,200 மட்டுமே ஒரு கணக்கில் மிச்சமிருந்து நிறுத்தப்பட்டது. வீட்டில் யாராவது இப்படி வந்து சொன்னால், முதல் கேள்வி "ஏன் அப்படிச் செய்தாய்?" என்பதாக இருக்க வேண்டாம். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை எடுங்கள்.

புகார் கொடுத்த சில வாரங்களில், சைபர் பிரிவு அலுவலர் என்றோ வழக்கறிஞர் என்றோ சொல்லிக்கொண்டு, கோப்புக் கட்டணம் செலுத்தினால் முழுப் பணத்தையும் மீட்டுத் தருவதாக ஒருவர் அழைக்கலாம். பணத்தை மீட்டுத் தருவதற்குக் காவல் துறை கட்டணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு, அதே புகார் எண்ணின் கீழ் சேர்த்துவிடுங்கள்.